கொசுறும் பாயிண்டும்

பல்பொருள் அங்காடியில் பில் போடும் பெண் முதலில் கேட்பது, "போன் நம்பர் சொல்லுங்க" என்பதுதான். நம்மவர்களும் பத்து இலக்கத்தையும் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். ஏன் சார் என்றால், "பாயிண்ட் ஏறுதே, சும்மா வர்றதை ஏன் விடணும்?" என்கிறார்கள். சும்மா வருகிறதா? அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 50 காசு என்று வைத்துக்கொள்வோம். 50 ரூபாய் கழிய 10,000 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போய்வரும் பஸ் காசுக்கே சரியாய்ப் போகும். இதில், "இன்னும் 120 ரூபாய்க்கு வாங்கினால் போனஸ் பாயிண்ட்" என்றதும் கை தானாக பிஸ்கட் பக்கம் போகிறது. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுக்கு அது எதற்கு?

இது மனசை அளந்து விரித்த வலை. அமெரிக்காவில் நூனிஸ், ட்ரெஸ் என்ற இரு பேராசிரியர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கார் கழுவும் இடத்தில் 300 பேருக்கு அட்டை. பாதிப் பேர் அட்டையில் எட்டுக் கட்டம். மற்றவர் அட்டையில் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் முன்பே முத்திரை. யாராக இருந்தாலும் எட்டு முறை வந்தால்தான் ஒரு முறை இலவசம். முதல் அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை நிரப்பியவர்கள் 34 சதவீதம்! சேர்ந்த உடனே 'வெல்கம் பாயிண்ட்' தருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

"அந்தக் காலத்து மளிகைக் கடைக்காரரும் பற்று நோட்டு வைத்து நம்மைக் கட்டிப்போடவில்லையா?" என்று கேட்பீர்கள். கட்டிப்போட்டார்தான். ஆனால் அந்த நோட்டை நாமும் புரட்டிப் பார்க்கலாம். இங்கே நம் வீட்டில் எத்தனை கிலோ சர்க்கரை, என்ன சோப்பு என்ற கணக்கு முழுவதும் அவர்கள் கம்ப்யூட்டரில். காய்கறிக்கார அம்மா கொசுறாகப் போட்ட கறிவேப்பிலைக்கு நம்பரும் கேட்டதில்லை, காலாவதித் தேதியும் வைத்ததில்லை.

செல்போன் எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்திவிட்டது. ஆகவே தைரியமாக, "நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடு" என்று சொல்லுங்கள். ஏற்கெனவே சேர்ந்த பாயிண்டை, வாங்க வேண்டியதை வாங்கும்போது கழித்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். சீட்டில் இல்லாத சாமான் பையில் ஏறக் கூடாது. பென்ஷன் பணத்துக்கு அதைவிடப் பெரிய தள்ளுபடி எந்தக் கடையிலும் கிடைக்காது.