கிழட்டுப் பூனைக்குக் கதவு திறப்பவர் யார்?

பூனை வேண்டுமென்று கேட்டு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் உண்மையில் கேட்பது குட்டியைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் உடலும் அகன்ற கண்களும் நூற்பந்தைத் துரத்தும் விளையாட்டுமே அவர்களுக்குத் தேவை. கைவிடப்பட்ட பூனைகளைத் தமது வீடுகளில் வைத்துப் பராமரிக்கும் ஒரு சிலரை நான் அறிவேன். "இது எட்டு வயதுப் பூனை, மிகவும் சாதுவானது" என்று அவர்கள் சொல்லத் தொடங்கியதுமே வந்தவர்களின் பேச்சு திசைமாறி விடுகின்றது. "வளர்ந்த பூனை பழகாது." "வீட்டை விட்டு ஓடிவிடும்." "இனி எத்தனை நாளைக்கு இருக்கப் போகின்றது?" இம்மூன்று வாக்கியங்களையும் படித்தவர், பாமரர் என்ற வேறுபாடின்றிப் பலருடைய வாயிலிருந்து கேட்டிருக்கின்றேன். மூன்றுமே பொய். வசதியான பொய் என்று சொல்வது இன்னும் பொருத்தமானது.

அந்த எட்டு வயதுப் பூனை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். அது காட்டிலிருந்து வந்ததன்று. யாரோ ஒருவருடைய கட்டிலின் கால்மாட்டில் எட்டு வருடங்கள் உறங்கிய பூனை அது. வளர்த்த மூதாட்டி காலமானார். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். பூனை வாசலுக்கு வந்தது. குடும்பம் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ புறப்பட்டது. பயணப் பொதிகளின் நிறையைக் கிலோக்கணக்கில் நிறுத்துப் பார்த்தவர்களுக்குப் பூனையின் நினைவு கடைசி நாளில்தான் வந்தது. வளவுடன் கூடிய வீட்டிலிருந்து தொடர்மாடிக்கு மாறியவர்கள், குழந்தை பிறந்ததும் பூனை மயிர் ஆகாதென்று யாரோ சொல்லக் கேட்டவர்கள் என்று இப்பட்டியல் நீளும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாட்டை விட்டுச் சென்றவர்கள் பலர். அவர்கள் பூட்டிச் சென்ற வீடுகளின் மதில்களில் அமர்ந்திருந்த பூனைகளை அயலவர்கள் அறிவார்கள்.

இந்நாட்டில் இவ்வாறான பூனைகளுக்கு இடங்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்களும் சிறிய தொண்டர் குழுக்களுமே. அவர்களிடம் குட்டி வந்தால் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். முதிர்ந்த பூனை வந்தால் அது வந்த இடத்திலேயே தங்கிவிடும். பத்துப் பூனைகளுக்கான இடத்தில் முப்பது பூனைகள் நெருக்கியடித்து வாழ்வதற்கும், பதினோராவது பூனைக்கு இடமில்லையென்று கைவிரிப்பதற்கும் இதுவே முக்கிய காரணங்களுள் ஒன்று. ஆகவே "எனக்குக் குட்டிதான் வேண்டும்" என்பது தனிப்பட்ட விருப்பம் மட்டுமல்ல. அந்த விருப்பத்துக்கான விலையை வேறொரு பூனை செலுத்திக்கொண்டிருக்கின்றது.

இனி அந்த மூன்று பொய்களுக்கு வருவோம்.

"எத்தனை நாளைக்கு இருக்கப் போகின்றது?" என்ற கேள்வியைக் கேட்பவர்களுக்குப் பூனையின் ஆயுள் தெரியாது. வீட்டுக்குள்ளே வைத்து முறையாகப் பராமரிக்கப்படும் பூனை பதினைந்து வருடங்கள் வாழ்வது அதிசயமன்று. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கங்கள் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஏழு முதல் பத்து வயது வரையான பூனை முதிர்ச்சியடைந்த பூனை. பத்தைத் தாண்டிய பின்னரே அது முதிய பூனை. எட்டு வயதுப் பூனையைக் கிழடு என்பது நாற்பத்தைந்து வயது மனிதரைச் சாய்மனைக் கதிரையில் அமர்த்துவதற்கு ஒப்பானது. இன்று வீட்டுக்குக் கொண்டுவரும் எட்டு வயதுப் பூனை, உங்கள் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை எழுதிச் சாதாரண தரப் பரீட்சை வரை வரும் காலம் முழுவதும் உடனிருக்கக்கூடும்.

"பழகாது" என்பது இரண்டாவது பொய். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பூனைகளை வளர்ப்பவரிடமிருந்து சிறிது நேரம் பிரித்துவைத்துப் பின்னர் மீண்டும் சேர்த்துப் பார்த்தார்கள். வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, பாதுகாப்பான பிணைப்பை வெளிப்படுத்தியவை குட்டிகளில் ஏறத்தாழ 64 சதவீதம். வளர்ந்த பூனைகளில் ஏறத்தாழ 66 சதவீதம். மனிதர் மீதான பிணைப்பு வயதுடன் தேய்ந்துபோகும் குட்டிப் பருவத்துச் சங்கதி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையான காலத்தில் மனிதரின் கை படாமல் தெருவிலேயே வளர்ந்த பூனை மனிதரை நம்புவது கடினம். அது வேறு கதை. நான் பேசுவது மனிதருடன் வாழ்ந்து, மனிதரால் கைவிடப்பட்ட பூனையைப் பற்றி. அதற்குப் பழகத் தெரியும். பழகியதற்காகவே அது தண்டிக்கப்பட்டிருக்கின்றது.

"ஓடிவிடும்" என்பது மூன்றாவது. திரும்பி வரும் வழி தெரியக்கூடாதென்று பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்த் தொலைவிலுள்ள சந்தையிலோ கோவில் வீதியிலோ விட்டு வருவது எங்கள் ஊர்களில் காலங்காலமாக நடந்துவரும் வழக்கம். அதையும் மீறி அந்தப் பூனை சில நாட்களில் வீடு வந்து சேர்ந்தால், "பார்த்தீர்களா, எப்படியோ வந்துவிட்டது!" என்று வியப்பவர்களும் நாங்களே. சாக்கில் கட்டி எறிந்த பின்னரும் வீடு தேடி வரும் உயிரினத்தைப் பற்றித்தான் "வீட்டோடு ஒட்டாது" என்றும் சொல்கின்றோம். இந்த முரண்பாடு யாருக்கும் உறைப்பதில்லை.

புதிய வீட்டிலிருந்து பூனை ஓடுவதற்குக் காரணம் அதன் வயது அல்ல. நாங்கள் அதைக் கொண்டுவரும் முறை. முச்சக்கரவண்டியில் பையொன்றுக்குள் அடைத்துக் கொண்டுவந்து, ஆட்கள் நிறைந்த விறாந்தையில் திறந்துவிட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினால் எந்தப் பூனைதான் ஓடாது? பூனை தன் இடத்தை மணத்தால் அறிவது. கன்னத்தைக் கதிரைக் காலிலும் கதவு நிலையிலும் தேய்த்துத் தன் மணத்தைப் பூசி, "இது என் இடம்" என்று அது எழுதி வைக்கின்றது. புதிய வீட்டில் அந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அது எழுதி முடிப்பதற்கு நாங்கள் அவகாசம் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை அரிய வித்தைகள் அல்ல. முதலில் ஒரேயோர் அறையை ஒதுக்குங்கள். யன்னல்களை மூடுங்கள். ஒரு மூலையில் மணல் தட்டு, அதற்கு எதிர் மூலையில் உணவும் நீரும். மூட்டு நோவுள்ள முதிய பூனை ஏறி இறங்குவதற்கு வசதியாக மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். பழைய இடத்தில் அது படுத்த துணியைக் கேட்டு வாங்கி வந்து, துவைக்காமல் அப்படியே விரியுங்கள். கவிழ்த்து வாசல் வெட்டிய காட்போட் பெட்டியொன்றை வையுங்கள். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகமொன்றுக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளின் மன அழுத்தம் மற்றவற்றைவிட விரைவாகத் தணிந்தது. ஒரு வெற்றுப் பெட்டிக்கு ஆகும் செலவு என்ன?

அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாதிருப்பதுதான். ஒளிந்திருக்கும் பூனையை இழுத்தெடுக்காதீர்கள். அதே அறையில் தரையில் அமர்ந்து பத்திரிகை வாசியுங்கள். அது உங்களைப் பார்த்தால் முறைத்துப் பார்க்காமல் கண்களை மெல்ல மூடித் திறவுங்கள். அவ்வாறு செய்யும் அந்நியரைப் பூனைகள் கூடுதலாக அணுகுகின்றன என்பதை 2020 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் காட்டியிருக்கின்றது. முதல் நாள் உண்ணாமலிருந்தால் பதற வேண்டாம். ஆனால் இரண்டு நாட்கள் எதையுமே தொடாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். உண்ணாதிருக்கும் பூனையின் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து உயிராபத்து நேரலாம். உணவைத் திடீரென மாற்றாதீர்கள். காய்ச்சலென்று எண்ணிப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு மருந்தாகும் அது பூனைக்கு நஞ்சு.

என் வீட்டுக்கு வந்த பூனைக்கு அப்போது ஒன்பது வயது. வளர்த்தவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டிருந்தார்கள். பத்து நாட்கள் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. இரவில் மட்டும் வெளியே வந்து உண்டுவிட்டுப் போகும். "இது சரிவராது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஆலோசனை சொன்னவர்கள் பலர். பதினோராம் நாள், நான் எழுதிக்கொண்டிருக்கையில் கதிரையின் கீழே வந்து அமர்ந்தது. மூன்றாவது வாரத்தில் வீட்டின் எல்லா அறைகளும் அதற்குச் சொந்தமாகிவிட்டன. பத்து நாட்கள்! ஒரு கடவுச்சீட்டுக்காக நாங்கள் காத்திருக்கும் காலத்துடன் ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்?

இதை மற்றெவரைக் காட்டிலும் எம்மவர்கள் இலகுவில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்டவர்களில் பலர் இன்றும் எம்மிடையே இருக்கின்றார்கள். அந்நியர் வீட்டு விறாந்தையில், தலைமாட்டில் பொதியை வைத்துக்கொண்டு, சிறு சத்தத்துக்கும் விழித்தெழுந்த இரவுகளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேசாமல் ஒதுங்கியிருந்த அவர்களைப் பார்த்து "இவர்கள் பழகமாட்டார்கள்" என்று எவரேனும் சொல்லியிருந்தால் அது எத்துணை கொடுமை! மனிதரின் துயரையும் பூனையின் அச்சத்தையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. இடம் பறிபோன உயிருக்கு அவகாசம் தேவை என்பதை அனுபவத்தால் அறிந்த சமூகம், அதை ஒரு பூனைக்கு மறுப்பது விந்தையானது என்றே சொல்கின்றேன்.

"மனிதருக்கே வழியில்லை, பூனைக்கா?" என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். வழியில்லாதவர்களிடம் நான் எதையும் கேட்கவில்லை. முதிய பூனைக்குச் செலவு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. பல்லும் சிறுநீரகமும் பழுதடையும். வழமையைவிட அதிகம் நீர் அருந்தினாலோ, நன்றாக உண்டும் மெலிந்தாலோ இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிவரும். அதைத் தாங்க முடியாதவர் பூனை வளர்க்காதிருப்பதே நேர்மை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் சிலர்தான் பல்லாயிரம் ரூபா கொடுத்துப் பாரசீகப் பூனைக்குட்டி வாங்கி முகப்புத்தகத்தில் படம் போடுகின்றார்கள். அவர்களுடைய சிக்கல் பணமன்று. முதுமை படத்துக்கு அழகாக இராது என்பதே அவர்களுடைய சிக்கல்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுவோரும் உளர். பிரித்தானியர் காலத்து 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. புதிய சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் முன்வைத்தது; அதன்பின் ஜனாதிபதிகள் பலரை இந்நாடு கண்டுவிட்டது. சட்டம் வலுப்பெற வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. எனினும் எந்தச் சட்டமும் ஒரு பூனைக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடாது. அதைத் திறக்க வேண்டியவர் உள்ளே இருப்பவர்.

பூனைகளைப் பராமரித்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், நோயை மறைக்காதீர்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சையும் விசர்நாய் நோய்த் தடுப்பூசியும் முடித்த விபரத்தை எழுதிக் கொடுங்கள். பூனையின் குணத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். குட்டி எப்படி வளரும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த பூனை மடியில் அமருமா, நாயைச் சகிக்குமா, பிள்ளைகளைக் கண்டு ஒதுங்குமா என்பதெல்லாம் முன்னரே தெரியும். முதிர்ந்த பூனையின் மிகப் பெரிய தகுதி அதுவே. அதைப் பொய்யால் கெடுக்கக்கூடாது.

குட்டி கேட்டு வருபவர்களுக்கு என் கேள்வி ஒன்றே. இன்று நீங்கள் ஆசையோடு தூக்கிச் செல்லும் அந்தக் குட்டிக்கும் ஒருநாள் ஒன்பது வயதாகும். அன்று அது உங்கள் வீட்டில் இருக்குமா, அல்லது "வளர்ந்த பூனை பழகாது" என்று இன்னொருவர் சொல்லக் கேட்டபடி வேறொருவரின் வாசலில் இருக்குமா? இதற்கு உடனே பதில் சொல்ல முடியாதவர்கள் குட்டியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிச் செல்வதே அந்தக் குட்டிக்குச் செய்யும் நன்மை.