எஸ்.எல்.ஆர். மேல் போட்ட பழி

ஒக்ரோபர் பிறந்தால் அந்தக் கதையும் பிறந்துவிடும். 1987இல் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படை பட்ட இழப்புக்கெல்லாம் அதன் கையில் இருந்த எஸ்.எல்.ஆர். துவக்குத்தான் காரணமாம். அது பழையதாம், எங்கள் மண்ணிலும் உப்புக்காற்றிலும் சிக்கிக்கொண்டதாம். புலிகளின் ஏகேயோ சேற்றில் புதைத்தெடுத்தாலும் சுடுமாம். ஓய்வுபெற்ற அதிகாரிகள் நேர்காணல்களில் இதைச் சொல்கிறார்கள், நினைவுக் கட்டுரைகள் திருப்பிச் சொல்கின்றன. அந்த நாள்களில் பிறந்தேயிராத எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இப்போது அதையே ஒப்புவிக்கிறார்கள். பல வருடமாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஒரு இரும்புச் சாமானின் தலையில் இவ்வளவு பெரிய பழியைச் சுமத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

பாரம், நீளம் என்ற முறைப்பாட்டை முதலில் முடித்துவிடுவோம். ஒரு மீற்றருக்கு மேல் நீளம், நான்கு கிலோவுக்கு மேல் பாரம், ரவைக்கூட்டில் 20 ரவை, ஒற்றை ஒற்றையாகத்தான் சுடும். ஒழுங்கைக்குள் சண்டை பிடிப்பவனுக்கு அது பாதகம்தான். ஆனால் நீளமாக இருந்ததற்கும் சிக்கியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொல்பவர்களில் எவரும் என்ன சிக்கியது என்று சொன்னதில்லை. புதிய ரவை அறைக்குள் ஏறாமல் நிற்பது ஒரு கோளாறு. சுட்ட கோது அறையைவிட்டு வெளியே வராமல் நிற்பது வேறு கோளாறு. ஏறாவிட்டால் முதலில் ரவைக்கூட்டைத்தான் பார்க்க வேண்டும். அதன் வாய்த்தகடு நெளிந்திருந்தாலும் சுருள்வில் தளர்ந்திருந்தாலும் ரவை மூக்குக் குப்புற நின்றுவிடும். கூட்டை மாற்றியதும் கோளாறு போனால் துவக்கில் பிழை இல்லை. கோது வராவிட்டால் அறையில் துருவோ அழுக்கோ இருக்கலாம், கோதைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் கீழே மண் அடைந்திருக்கலாம், கொக்கியின் வில் சோர்ந்திருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக வாயு. எஸ்.எல்.ஆரில் குழலிலிருந்து கொஞ்ச வாயு பிரிந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைப் பின்னே அனுப்பும். அந்த வாயுவில் எவ்வளவு வேலைக்கு, எவ்வளவு வெளியே போக என்பதைச் சிப்பாயே ஒரு வளையத்தைத் திருப்பித் தீர்மானிக்கலாம். வளையத்தைத் திறந்துவிட்டுச் சுட்டுப் பார்த்து, கோது ஒழுங்காகப் பாய்ந்து அடுத்த ரவை ஏறும்வரை படிப்படியாக மூடிக்கொண்டு வர வேண்டும். அதற்குமேல் இன்னும் ஒன்றிரண்டு படி மூடிவிட வேண்டும். சுடச்சுடக் கரி படியும், அப்போது இன்னும் கொஞ்சம் மூட வேண்டிவரும். வாயு குறைந்தால் போல்ட் பாதிவழியில் திரும்பிவிடும். கோது வெளியே பாயாது, அல்லது போல்ட் அடுத்த ரவையின் பின்பக்கம்வரை போகாமல் வெறுமனே மூடிக்கொள்ளும். வாயு கூடினால், கோது இன்னும் அறைச்சுவரோடு இறுகியிருக்கும்போதே கொக்கி அதைப் பிடுங்கும். விளிம்பு கிழியும், கோது உள்ளேயே கிடக்கும். வெளியில் நிற்பவனுக்கு இரண்டும் ‘சிக்கியது’தான். பழகிய கை இதைத் திருத்த அதிக நேரம் எடுக்காது. ஆகவே வளையம் எந்தப் படியில் நின்றது, கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று கேட்காமல் துவக்கைக் குற்றவாளி ஆக்குவது விசாரணையே இல்லாத தீர்ப்பு.

ஏகேயில் அப்படி ஒரு வளையமே இல்லை. தேவைக்கு மேலான வாயு எப்போதும் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும், கரியும் மண்ணும் கொஞ்சம் சேர்ந்தாலும் அது ஓடும். பலர் கவனிக்காத இன்னொன்று ரவையின் வடிவம். ஏகேயின் ரவை அடி பருத்து நுனிப்பக்கம் நன்றாகச் சரியும். எஸ்.எல்.ஆரின் ரவை அதைவிட நீளம், சரிவும் குறைவு. மண்வெட்டிப் பிடியில் அடித்த ஆப்பு ஒருமுறை அசைந்தால் உடனே கழன்றுவிடும், நேரான முளை தன் நீளம் முழுவதும் உரசிக்கொண்டுதான் வரும். கோதுகளும் அப்படித்தான். சீனாவில் செய்த ஏகேகளின் குழலுக்குள் பெரும்பாலும் குரோம் பூச்சும் இருந்தது. கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில் துருவுக்கு எதிராக அது பெரிய காவல். ஏகே நல்ல துவக்கு என்பதை நான் மறுக்கவில்லை. அதன் நன்மைக்குக் காரணங்கள் இருக்கின்றன, அது சிக்காத தெய்வம் அல்ல. நெளிந்த ரவைக்கூட்டைப் போட்டால் அதுவும் நிற்கும்.

எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்வதுதான் எனக்கு ஆகக்கூடிய எரிச்சல். எஸ்.எல்.ஆரின் குடும்பத்தைச் சேர்ந்த எவ்.என். துவக்கு சினாய் மணலில் தங்களுக்குத் தொல்லை தந்ததென்று 1967 போருக்குப் பிறகு இஸ்ரேலியர் சொன்னார்கள், பிறகு கலீல் என்ற துவக்கைச் செய்தார்கள். அந்தச் சினாய்க் கதையைத் தூக்கிவந்து கொக்குவிலில் இறக்கியிருக்கிறார்கள். மணல் வேண்டுமானால் மணற்காட்டுக்கும் அம்பனுக்கும் போக வேண்டும். அந்த ஒக்ரோபரில் பெரும் சண்டை நடந்த கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் எல்லாம் செம்பாட்டு மண், அதுவும் மாரி தொடங்கும் மாதம். ஈரமும் சேறும் என்றால் 1982இல் போக்லண்ட் தீவுகளில் பிரித்தானியரும் ஆர்ஜென்டீனியரும் இதே குடும்பத் துவக்கால்தான் ஒருவரையொருவர் சுட்டார்கள். அங்கே தோற்றவர்கள் துவக்கைப் பழித்துப் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

புலிகளின் கையில் ஏகே மட்டும் இருக்கவில்லை. ஜி-3 இருந்தது, அதற்கும் எஸ்.எல்.ஆர். போடும் அதே 7.62 நேட்டோ ரவைதான். ஜி-3இன் அறைக்குள் நீளவாட்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கும், கோது ஒட்டாமல் கழல்வதற்காக. அதில் சுட்ட கோதில் கறுப்புக் கோடுகள் விழும். அப்படிக் கோடு விழுந்த கோதுகளைப் பொறுக்கி விளையாடிய பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். அந்தப் பெரிய ரவை ஒரு பக்கத்தாரின் துவக்கில் ஏறி இறங்கியதென்றால், மறுபக்கத்தில் ஏறாததற்கு மண் எப்படிக் காரணமாகும்?

அடுத்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம். ஒக்ரோபர் 11 இரவு ஹெலியில் வந்திறங்கிய 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அவர்கள் ரவை தீரும்வரை சுட்டார்கள், பிறகு துவக்குமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள் என்பது இந்தியத் தரப்பே பெருமையோடு சொல்லும் செய்தி. ரவை தீரும்வரை சுட்ட துவக்கு எப்படிச் சிக்கிய துவக்காகும்? அவர்களின் வானொலிப் பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். பின்னால் வரவேண்டிய ஆட்கள் இறங்க முடியவில்லை. அந்த இரவை அப்படித் திட்டமிட்டது எந்தத் துவக்கு?

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிரம்படி ஒழுங்கையில் அந்நாள்களில் சனங்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்ரோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படையினர் புகுந்து வைத்தியர்கள், தாதியர்கள், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அந்த வார்ட்டுகளில் எந்தத் துவக்கும் சிக்கியதாக ஒருவரும் சொன்னதில்லை. எஸ்.எல்.ஆரின் குறைபாட்டை மணிக்கணக்கில் பேசும் நேர்காணல்களில் இதற்கு ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை.

வியட்நாமில் இந்தப் பழிபோடலின் மறுபக்கம் நடந்தது. அமெரிக்கரின் எம்-16 துவக்கு சுட்ட கோதை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு நின்றபோது, துடைக்காத சிப்பாயின் பிழை என்றார்கள். 1967இல் ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான காங்கிரஸ் உபகுழு விசாரித்தது. ரவைக்குள் இருந்த வெடிமருந்தை அலுவலகத்தில் இருந்தவர்கள் மாற்றியதும், அறைக்குக் குரோம் பூசாததும், துடைக்கும் சாமான் கொடுக்காததும் வெளியே வந்தன. அங்கே மேலிடத்தைக் காப்பாற்றச் சிப்பாயைப் பழித்தார்கள். இங்கே அதே காரியத்துக்குத் துவக்கைப் பழிக்கிறார்கள்.

எஸ்.எல்.ஆர்.தான் நோய் என்றால் அதன் இடத்துக்கு வந்த இன்சாஸ் மருந்தாக இருந்திருக்க வேண்டும். 1999இல் கார்கில் குளிரில் அதன் பிளாஸ்ரிக் ரவைக்கூடுகள் வெடித்தன, துவக்குகள் நின்றன என்ற முறைப்பாடுகள் அந்தப் படையிலிருந்தே வந்தன.

ஒவ்வொரு படையணியிலும் துவக்குத் திருத்துபவர் இருப்பார். எந்தத் துவக்கு என்ன கோளாறோடு வந்தது, எந்த உதிரிப்பாகம் மாற்றப்பட்டது என்று பதிவு வைப்பது அவர் வேலை. 1987 ஒக்ரோபருக்கான அந்தப் பதிவுகளை இந்திய இராணுவம் வெளியிடட்டும். எத்தனை கொக்கி உடைந்தது, எத்தனை வில் மாற்றினார்கள், எத்தனை ரவைக்கூடு கழிக்கப்பட்டது என்று காட்டட்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் இங்கே எழுதியதை நானே திருத்தி எழுதுகிறேன். அதுவரை இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.