மறுப்பு வந்தது, பதில் வந்ததா?

பத்திரிகையில் ஒரு விவகாரம் அம்பலமாகிறது. மறுநாளே மறுப்பு வருகிறது. "செய்தியில் உண்மை இல்லை. உள்நோக்கம் கொண்டது" என்பார்கள். எந்த வரியில் உண்மை இல்லை? அது மட்டும் இருக்காது!

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது தெரிந்த வியாபாரம்தான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது ஏலம் எடுத்தவன் தலையெழுத்து. 1961-க்குப் பிறகு அந்தப் பெரிய முத்துக்குளிப்பு இங்கே நடக்கவில்லை. மூடிய சிப்பியை விற்கிற பழக்கம் மட்டும் அரசாங்க அறிக்கைகளில் தங்கிவிட்டது.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போன ஜனங்கள் மீது போலீசார் சுட்டனர். அன்றும் மறுநாளும் நடந்த சம்பவங்களில் 13 பேர் பலியானார்கள். "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்றது அரசு. அடிக்க வந்தால் தற்காத்துக்கொள்வது இயற்கைதானே என்கிற மாதிரி பேசினார், அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி.

அந்த டிசம்பரில் ராய்ட்டர் நிறுவனம் பிரேத பரிசோதனை அறிக்கைகளைத் தேடிப்பிடித்து வெளியிட்டது. 12 பேருக்கு தலையிலோ மார்பிலோ குண்டு. அதில் பாதிப்பேருக்கு குண்டு பின்பக்கமிருந்து பாய்ந்திருக்கிறது!

அடிக்க வருகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டா வருவான்? தற்காப்பு என்று சொன்னவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

துப்பாக்கி சூட்டைப் பற்றி டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றும் முதல்-அமைச்சர் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அதை ஏற்கவில்லை. தலைமைச் செயலாளர், டி.ஜி.பி., உளவுப்பிரிவு ஐ.ஜி. ஆகியோர் அவருக்கு அவ்வப்போது தகவல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று கமிஷன் எழுதியது.

அந்த அறிக்கை 2022 மே மாதம் அரசு கைக்கு வந்தது. அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. பெட்டி மாறவில்லை! ஆகஸ்டில் பிரண்ட்லைன் பத்திரிகை உள்ளே இருப்பதை வெளியிட்டது. சட்டசபைக்கு வந்தது அக்டோபரில்தான்.

பத்திரிகைக்காரன் தப்பே செய்ய மாட்டானா? செய்வான். அப்போது மறுப்பு எப்படி வரவேண்டும்? "நீ எழுதிய நேரம் தப்பு, இதோ ஸ்டேஷன் டைரி. நீ எழுதிய எண்ணிக்கை தப்பு, இதோ ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர்" என்று வரவேண்டும். அப்படி வந்தால் பத்திரிகை வாயைப் பொத்திக்கொண்டு திருத்தம் போட வேண்டியதுதான். செய்தியையும் மறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு, எந்த வரியைத் தொடாமல் நழுவுகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

சாத்தான்குளத்தில் நடந்தது

இதே மாவட்டத்தில் 2020 ஜூன். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாக ஜெயராஜையும் மகன் பென்னிக்சையும் போலீசார் பிடித்துப் போனார்கள். கோவில்பட்டி சிறையில் அடைத்த அவர்கள், சில மணி நேர இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போனார்கள். மகனுக்கு மூச்சுத்திணறல், அப்பாவுக்கு உடல்நலக்குறைவு என்றது அரசு. தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் என்றது போலீசின் முதல் தகவல் அறிக்கை. இது லாக்கப் சாவு இல்லை என்றார், செய்தித்துறை அமைச்சராக இருந்த கடம்பூர் ராஜூ. சிறைக்குப் போன பிறகுதானே செத்தார்கள் என்பது அவர் கணக்கு.

கவனித்தீர்களா? அடித்தார்களா இல்லையா என்பதற்கு இதில் எங்கேயும் பதில் இல்லை. "லாக்கப்" என்ற வார்த்தைக்குத்தான் மறுப்பு!

டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவருக்கு இது புரியாதா? "அண்ணாச்சி, செத்த எடத்தச் சொல்லுதாக. அடிச்ச எடத்தச் சொல்லலையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அந்த மாதக் கடைசியில் பக்கத்துக் கடை கேமரா படம் டி.வி.யில் வந்தது. தரையில் யாரும் உருளவில்லை. பென்னிக்ஸ் சாதாரணமாக நடந்துபோகிறார். ராத்திரி முழுக்க அடித்தார்கள் என்று அதே ஸ்டேஷன் பெண் ஏட்டு மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய், 9 போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. பதிவுகளைச் சேர்த்து வைக்க 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய படம் அன்றன்றே தானாக அழிந்துவிடுகிற மாதிரி செட் செய்து வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் ஐகோர்ட்டுக்கு எழுதினார். அதை யாரும் மறுக்கவில்லை.