படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகவரி

மாணவர்களே, "இணையத்தில் யாரிடமும் வீட்டு முகவரியைக் கொடுக்காதே" என்று பெற்றோரும் ஆசிரியர்களும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால், அது மட்டும் போதாது என்பது என் கருத்து. நீங்கள் வாய் திறக்காவிட்டாலும், உங்கள் கைப்பேசி எடுத்த படம் முகவரியைச் சொல்லிவிடலாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் எடுத்த ஒரு படத்தைத் திறந்து, அதன் விவரங்களைப் பாருங்கள். எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவை அங்கே இருக்கும். கேமராவுக்கு இட அனுமதி தந்திருந்தால் வரைபடமும் தோன்றும். படக்கோப்புடன் சேர்ந்தே பதிவாகும் இக்குறிப்புகளை 'எக்சிஃப்' என்பார்கள். இடம் அதில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகப் பதிவாகிறது.

அந்த எண்கள் எவ்வளவு நுட்பமானவை? அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் நான்காம் இலக்கம் சுமார் 11 மீட்டரையும், ஐந்தாம் இலக்கம் சுமார் 1.1 மீட்டரையும் குறிக்கும். திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டும். வீட்டுக்குள் பிழை கூடும். என்றாலும், உங்கள் தாமானில் எந்த வரிசையில் வசிக்கிறீர்கள் என்று கண்டறிய அது போதும்.

புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இட விவரம் நீக்கப்படுகிறது. அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். எனவே, கைப்பேசி அமைப்பில் கேமராவுக்கான இட அனுமதியை இன்றே நிறுத்துங்கள். ஒரு நிமிட வேலை.

இட விவரத்தை நீக்கினாலும் மறையாத குறிப்புகளும் உண்டு. சீருடையில் இருக்கும் பெயர்ப்பட்டை, பள்ளிச் சின்னம், பின்னால் தெரியும் தாமான் பெயர்ப்பலகை ஆகியவை படத்திலேயே இருக்கின்றன. தீய நோக்கம் கொண்டவர் உங்களிடம் முகவரி கேட்கமாட்டார். முதலில் விளையாட்டுத் தோழனாக வருவார், பாராட்டுவார், துண்டு துண்டாகத் தகவல் சேர்ப்பார். பிறகு, "இது நமக்குள் இருக்கட்டும்" என்பார். அந்தச் சொல்தான் அபாய மணி.

கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் பல மாணவர்கள் இதை வீட்டில் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் அவருக்குப் பலம். பெற்றோர்களும் முதலில் பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும். கைப்பேசியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஒன்றை உறுதியாக நம்புங்கள். உங்களை ஏமாற்றியவர்தான் குற்றவாளி, நீங்கள் அல்ல. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டம், தவறான நோக்கத்துடன் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் நம்பிக்கையைப் பெற முயல்வதையே குற்றமாக்கியுள்ளது. படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் பணமோ வேறு படமோ அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், அது சாட்சி. நம்பிக்கையான பெரியவரிடம் அன்றே சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் பள்ளி ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். 'தாலியான் காசே' 15999 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கைப்பேசி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். அறிவியல் பாடம் தேர்வுக்கு மட்டுமன்று, உங்கள் பாதுகாப்புக்கும்தான்.