டெலிபோன் பெருகியது, தொழிற்சாலை மெலிந்தது

டெலிபோன் வேண்டுமென்று மனுக் கொடுத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இந்தியாவில் உண்டு. 1991-ல் நாடு முழுவதிலும் இருந்த டெலிபோன்கள் சுமார் 50 லட்சந்தான். இன்றோ இணைப்புகள் நூறு கோடியைத் தாண்டிவிட்டன. 1995-ல் செல்போன் வந்த புதிதில் ஒரு நிமிஷப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை கட்டணம். இன்று கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் செல்போன் இருக்கிறது. அந்நிய மூலதனத்துக்கும் சரக்குக்கும் வாசலைத் திறந்ததன் பலன் இது என்கிறார்கள். இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஆனால் கணக்கில் வரவை மட்டும் பார்த்தால் போதுமா? பற்றையும் பார்க்க வேண்டாமா?

சுதேசி முயற்சி

சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் என்ற சர்க்கார் தொழிற்சாலை தோன்றியது. டெலிபோன் கருவிகளும் எக்ஸ்சேஞ்சு யந்திரங்களும் அங்கே தயாராயின. பிற்காலத்தில் நைனி, ரேபரேலி, பாலக்காடு, மங்காபூர் ஆகிய இடங்களிலும் அதன் ஆலைகள் எழுந்தன. ஆனால், அதற்கு முக்கிய வாடிக்கைக்காரர் ஒருவரே: சர்க்காரின் டெலிபோன் இலாகா. போட்டி இல்லை; ஆகவே அவசரமும் இல்லை.

1984-ல் சி-டாட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் ஏற்பட்டது. சாம் பிட்ரோடா அதில் முக்கியப் பங்கு வகித்தார். வெயிலையும் புழுதியையும் தாங்கி, குளிர்சாதன அறை இல்லாமலே வேலை செய்யும் சிறிய கிராம எக்ஸ்சேஞ்சை நம் எஞ்சினீயர்கள் உருவாக்கினார்கள். பட்டிதொட்டிகளுக்கெல்லாம் டெலிபோன் போய்ச் சேர்ந்ததற்கு இந்த யந்திரம் ஒரு காரணம்.

இரண்டு வாசல்கள்

இந்த நிலையில்தான் 1997 வந்தது. அவ்வாண்டில் இந்தியா இரண்டு சர்வதேச ஒப்பந்தங்களில் பங்குகொண்டது. ஒன்று, டெலிபோன் சேவை பற்றியது. இதில் சர்க்கார் நிதானமாகவே நடந்துகொண்டது. அந்நிய மூலதனம் 25 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தே கையொப்பமிட்டது. பிறகு படிப்படியாக வரம்பைத் தளர்த்தியது.

மற்றொன்று, கம்ப்யூட்டர், டெலிபோன் சாதனங்கள் போன்ற சரக்குகளைப் பற்றியது. இவற்றின் மீதான இறக்குமதித் தீர்வையை 2005-க்குள் அடியோடு நீக்குவதாக இந்தியா வாக்களித்தது. சேவைக்குக் கிடைத்த அவகாசமும் பாதுகாப்பும் சாதனம் செய்கிறவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விளைவு என்ன? செல்போன் கம்பெனிகள் தங்களுக்கு வேண்டிய யந்திரங்களை எரிக்சன், நோக்கியா போன்ற அந்நிய ஸ்தாபனங்களிடம் வாங்கின. பின்னால் சீனத்து ஹுவாவேயும் வந்தது. கம்பி டெலிபோனில் கை தேர்ந்திருந்த நம் ஆலைகளிடம் செல்போனுக்கான சொந்த நுட்பம் இல்லை. பெங்களூர் ஸ்தாபனம் நஷ்டத்தில் மூழ்கியது. அதை மீட்க 2014-ல் மத்திய சர்க்கார் 4,156 கோடி ரூபாய் உதவிக்கு அனுமதி அளிக்க நேர்ந்தது.

சீனா எப்படித் தப்பியது? ஹுவாவே பிறந்தது 1987-ல், சி-டாட்டுக்கு மூன்று வருஷம் இளையது. தீர்வை நீக்க ஒப்பந்தத்தில் சீனா சேர்ந்தது 2003-ல்தான். அதற்குள் அதன் கம்பெனிகள் உலகச் சந்தையில் போட்டியிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டன.

ஸ்ரீபெரும்புதூர் சொல்லும் பாடம்

அந்நியக் கம்பெனி இங்கேயே ஆலை வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே வேலை பெற்றார்கள். 2014-ல் நோக்கியா தன் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அவ்வருஷ நவம்பரில் உற்பத்தி நின்றது. இளவயதிலேயே பலர் வேலை இழந்தார்கள். நுட்பமும் முடிவும் வேறொரு தேசத்தில் இருக்கும்போது, பாகங்களைப் பொருத்தும் ஆலைக்கு ஆயுள் கெட்டியில்லை. இப்போது அதே வட்டாரத்தில் ஐபோன்களைப் பொருத்தும் வேலை மும்முரமாக நடக்கிறது. அதற்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

மூடினாலும் சிக்கல்

2017 முதல் சர்க்கார் செல்போன்களுக்கு மறுபடியும் இறக்குமதித் தீர்வை விதித்தது. ஐரோப்பிய யூனியன், ஜப்பான், தைவான் ஆகியவை உலக வர்த்தக ஸ்தாபனத்தில் புகார் செய்தன. ஒப்பந்தம் செய்த காலத்தில் இந்த ரகச் சரக்குகளே இல்லையென்று இந்தியா வாதாடியது. 2023 ஏப்ரலில் தீர்ப்பு இந்தியாவுக்குப் பாதகமாக வந்தது. இந்தியா அப்பீல் செய்தது. ஆனால் அங்குள்ள அப்பீல் மன்றமோ 2019 முடிவிலேயே செயலற்றுப் போயிற்று. ஒரு முறை கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சாட்சி.

2025 செப்டம்பரில் சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். ஆகியவை சேர்ந்து உருவாக்கிய சுதேசி 4-ஜி அமைப்பு பி.எஸ்.என்.எல். கம்பெனிக்காக நாடெங்கும் துவக்கி வைக்கப்பட்டது. இந்தியாவில் 4-ஜி சேவை முதலில் வந்த 2012-லிருந்து கணக்கிட்டால் இது 13 வருஷத் தாமதம். ஆனாலும் நம்மவரால் முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

வாசலைச் சாத்தச் சொல்வது சரியல்ல. சாத்தியிருந்த காலத்தில் டெலிபோனுக்குக் காத்திருந்து அவதிப்பட்டவர்கள் நாமே. ஆனால் தீர்வையை நீக்க ஒரு தேதி குறிக்கும்போது, அந்தத் தேதிக்குள் நம் ஆலையும் ஆராய்ச்சியும் எந்த நிலைக்கு வரவேண்டும் என்பதையும் குறித்து, அதற்கான பணத்தையும் ஒதுக்க வேண்டும். 1997-ல் செய்யத் தவறியது அதுதான். அடுத்து 6-ஜி வரப்போகிறது. இம்முறையாவது அதைச் செய்வார்களா?