பொறுத்தார் பூமி ஆள்வார்... ஆனால் பொறுக்கக் காசு வேண்டுமே!

"விவசாயிக்குப் பேரம் பேசத் தெரியவில்லை, அதனால்தான் நஷ்டப்படுகிறார்." இப்படி ஒரு பேச்சு ரொம்ப நாளாகவே உண்டு. சுயமுன்னேற்றப் புத்தகங்களும் இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கின்றன. கண்ணைப் பார்த்துப் பேசு, முதல் விலையை நீ சொல்லாதே, எழுந்து போவது போல நடி...

விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் இந்த நடிப்பெல்லாம் பலிக்காது. அங்கே நடப்பது மறைமுக ஏலம். நெல்லோ, உளுந்தோ, மல்லாட்டையோ (மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை), வியாபாரிகள் சரக்கைப் பார்த்து ஆளுக்கொரு விலையைச் சீட்டில் எழுதுகிறார்கள். அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. விலை கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி மறுக்கலாம்.

இந்த 'மறுக்கலாம்' என்ற ஒரு சொல்லில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது.

கேம் தியரி சொல்வதும் அதுதான். பேச்சு முறிந்தால் இருவரும் எந்த நிலையில் நிற்பார்கள் என்பதை வைத்தே யாருக்கு எவ்வளவு என்பது முடிவாகும் என்று 1950-ல் ஜான் நாஷ் காட்டினார். மாறி மாறி விலை சொல்லும் பேரத்தில், காத்திருப்பதால் யாருக்கு இழப்பு குறைவோ அவருக்கே பெரிய பங்கு என்று 1982-ல் ஏரியல் ரூபின்ஸ்டீன் நிறுவினார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் கிழவிகள் எப்போதோ சொன்னதுதான். ஆனால் கிழவிகள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பொறுமை குணம் அல்ல, வட்டி விகிதம்!

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு மூட்டையை 7,000 ரூபாய்க்குக் கீழே விவசாயி தரமாட்டார். 7,400-க்கு மேல் வியாபாரி வாங்கமாட்டார். நடுவில் இருக்கும் 400 ரூபாய்க்குத்தான் பேரம். விவசாயி மூணு வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறார். வியாபாரிக்கு வங்கியில் 12 விழுக்காடு. ரூபின்ஸ்டீன் கணக்குப்படி, பதிலுக்குப் பதில் உடனுக்குடன் வந்தால், பங்குகள் வட்டிக்குத் தலைகீழ் விகிதத்தில் பிரியும். விவசாயிக்கு 100 ரூபாய், வியாபாரிக்கு 300. அதே விவசாயிக்கு 5 விழுக்காட்டில் பணம் கிடைத்தால்? அவர் பங்கு சுமார் 282 ரூபாய். ஆள் அதே ஆள், வாய் அதே வாய். வட்டி மட்டும்தான் மாறியது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை 180 நாள் தவணையில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். ஆனால் நாலு மூட்டை கொண்டு வருபவர், பட்டா தன் பெயரில் இல்லாத குத்தகைக்காரர், விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடமே முன்பணம் வாங்கியவர், இவர்களெல்லாம் அந்தக் கடனைத் தேடிப் போவார்களா? முன்பணம் வாங்கியவருக்கு மறுக்கும் உரிமை காகிதத்தில் மட்டுமே.

"காத்திருந்தால் விலை இறங்கிவிட்டால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லோரும் காத்திருக்கவே வேண்டியதில்லை. காத்திருக்க முடியும் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தாலே சீட்டில் எழுதும் விலை ஏறும்.

"அதுதான் இ-நாம் வந்துவிட்டதே" என்பார்கள் சிலர். 2016-ல் தொடங்கிய அந்த மின்னணுச் சந்தை வெளியூர் வியாபாரிகளையும் ஏலத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. நல்லதுதான். ஒரே நாலைந்து பேர் தினமும் சந்தித்துக்கொள்ளும் ஏலத்தில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலேயே போட்டி குறைந்துவிடும் என்பதும் கேம் தியரி பாடம்தான். ஆனால் நாளைக்கே பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவருக்கு, திரையில் பத்து விலை தெரிந்தும் பத்தையும் மறுக்க வழியில்லையே?

ஆகவே விவசாயிக்குப் பேரம் பேசப் பயிற்சி முகாம் வேண்டாம். எடை போட்ட அன்றே, அதே வளாகத்தில், நாலு மூட்டைக்கும் கடன் கையில் கிடைக்கட்டும். அப்புறம் பாருங்கள், அவருக்குப் பேரம் பேசத் தெரிகிறதா இல்லையா என்று!