நெல்லிலையும் மருந்துத் துளியும்

மருந்து தெளித்தும் பூச்சி குறையவில்லை என்னும் முறையீடு, வீராணம் ஏரிப் பாய்ச்சலுள்ள காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து மிராசுதார்களுக்குப் புதிதன்று. குற்றத்தை உடனே மருந்தின்மேல் சுமத்துவது முறையாகாது. துளி இலையில் தங்கிற்றா என்பதையே முதலில் ஆராயவேண்டும் என்பது எம் அபிப்பிராயம்.

விடியற்காலையில் நெல்லிலையின்மேல் ஜலம் முத்துப்போல் திரண்டு நிற்பதை யாவரும் கண்டிருப்பர். அவ்விலையின் மேற்புறத்தில் மெழுகும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறிய மேடுகளும் உள்ளன. மேடுகளின் இடையே காற்று அடைபட்டிருப்பதால், ஜலம் இலையைத் தொடுவது சொற்பமே. மேடுகள் நீளவாக்கில் வரிசையாய் அமைந்துள்ளமையால், துளி அவ்வாக்கிலேயே எளிதில் உருண்டோடும். அங்ஙனம் ஓடிய மருந்து வயல் ஜலத்தில் கலந்து, வடிகால் வழியே மீன்களுக்கும் கேடு செய்கிறது. செலவிட்ட பணமும் வீணாகிறது.

வேப்பெண்ணெயின் குணம் வேறு. அது மெழுகோடு இணங்குவதாகையால், மேடுகளின் இடையே புகுந்து படலமாய்ப் பரவும். இத்தகைய படலத்தின்மேல் விழும் ஜலத்துளி, தன் அடியைச் சுற்றி நுண்ணிய எண்ணெய் வரப்பொன்றை எழுப்பிக்கொண்டு, சரிவில் மெல்ல நகரும். எண்ணெய் எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு வேகம் குறையும். மேகாலயத்துக் குடுவைச் செடியின் ஈரமான விளிம்பில் எறும்பு வழுக்கி வீழ்வதும் படலத்தின் செயலே. குடுவைச் செடிகளின் இவ்வியல்பைப் பின்பற்றியே, 2011-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையார் வழுக்குத் திரவம் ஊறிய பரப்புக்களைச் செய்தனர்.

ஆகவே வெறும் எண்ணெயை ஜலத்தில் ஊற்றித் தெளித்தால், ஓரிடத்தில் எண்ணெய் மிகுந்து இலை கருகக்கூடும். மற்றோரிடத்தில் ஒன்றும் படாது. ஒரு லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் சேர்ப்போர், முதலில் சிறிது சோப்பைக் கரைத்து, எண்ணெய் பால்போல் ஆகும்வரை கலக்குதல் அவசியம். சோப்பு ஜலத்தின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துளியைப் பரவச்செய்யும். சோப்பு மிஞ்சினாலோ கலவை வழிந்தோடிவிடும். கடை மருந்துகள் சிலவற்றில் பரவச்செய்யும் பொருள் முன்பே சேர்ந்திருக்குமாதலால், புட்டியின் சீட்டை வாசித்தறிதல் நலம்.

தெளிப்பதற்குமுன் ஓர் இலையில் கலவையைச் சிறிது தூவிப் பாருங்கள். முத்தாய் உருண்டால் கலவை சரியில்லை. மெல்லிய ஈரமாய்ப் பரவி நின்றால் வயலில் இறங்கலாம். கிராம அதிகாரிகள் செயல்விளக்கம் நடக்குமிடங்களில் இச்சோதனையை முதலில் செய்துகாட்டும்படி ஏற்பாடு செய்வார்களாயின், குடியானவர்களுக்குப் பேருதவியாகும்.